மழை விடாத மாளிகை

வாலுவின் கையிலிருந்த படக்கதையில் பக்கம் பக்கமாகப் புரட்டியும் மழை விடவில்லை. கறுப்பு வானம், கறுப்பு மரங்கள், மலை உச்சியில் கறுப்பாக ஒரு மாளிகை. அதன் ஜன்னலில் ஒரு சீமாட்டி மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். அடுத்த பக்கத்திலும் அங்கேயே நின்று பெருமூச்சு விட்டாள்.

"இதுல ஒரு ஜோக்குகூட இல்லையே," என்று முணுமுணுத்தாள் வாலு.

வாலு என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. வகுப்பையே சிரிக்க வைப்பவள் என்பதால் வந்த பட்டப்பெயர். சிரிப்பு இல்லாத புத்தகம் அவளுக்கு உப்பில்லாத சாப்பாடு மாதிரி. ஆனாலும் படித்துத்தான் ஆக வேண்டும்.

அவளுடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வாரக் கடைசியில் இரண்டு பேர் தங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகத்தை மாற்றிக்கொள்வார்கள். அடுத்த வாரம் ஒருவர் கொடுத்ததைப் பற்றி மற்றவர் எழுந்து பேச வேண்டும். டீச்சர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பொய் சொல்லக் கூடாது.

இந்த முறை வாலுவுக்கு ஜோடியாக வந்தவள் புதுசு. அவள் இந்தப் பள்ளிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு யாரும் பழகாததால், எல்லாருக்கும் அவள் 'புதுசு' ஆகிவிட்டாள். வாயைத் திறப்பதே அபூர்வம். புத்தகத்தை நீட்டும்போது மட்டும், "மெதுவா படி, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்," என்றாள். இப்படி இருட்டும் மர்மமும் பயமும் கலந்த கதைகளுக்குக் கோதிக் என்று பெயர் என்பதையும் சொன்னாள்.

பக்கத்து பெஞ்சில் இருந்த, குண்டூசி என்று பட்டப்பெயர் கொண்ட பையனுக்கு அட்டையைப் பார்த்ததுமே குஷி. பேய் மாளிகையை ஒரு வழி பண்ணிவிடு, நாங்கள் சிரிக்கத் தயார் என்று வாலுவை உசுப்பிவிட்டான். போன வாரம் அவன் கடைசி பெஞ்சுப் பையன் கொடுத்த, வானத்து நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகத்தைக் கிண்டல் செய்து வகுப்பையே உருள வைத்தான். வாலுவும் சேர்ந்துதான் சிரித்தாள். அந்தப் பையன் இனிமேல் எந்தப் புத்தகமும் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

குண்டூசி கேட்டதை வாலு தயார் செய்துவிட்டாள் என்பதையும் மறைக்கக் கூடாது. பேச வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, வீட்டில் தலையில் துண்டைப் போட்டு, கையில் ஸ்கேலை மெழுகுவர்த்தி போலப் பிடித்து, கண்ணாடி முன் நின்று பெருமூச்சு விட்டுப் பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

சிரித்து முடித்ததும் மனசு குறுகுறுத்தது. நாளைக்கு இப்படிச் செய்தால், இப்போதுதான் கொஞ்சமாகத் திறந்த புதுசுவின் வாய் மறுபடி மூடிக்கொள்ளும். பிரமாதம் என்று புகழ்ந்தால் அது பொய். அதுவும் வாலு பொய் சொன்னால் மூஞ்சியே காட்டிக் கொடுத்துவிடும்.

அம்மாவிடம் போனாள். அம்மா தையல்காரர். முன்னறையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டை தைக்கக் கொடுத்தவர் இப்போது வந்துவிடுவார், புத்தகத்தை அங்கே வைத்துவிட்டு வெட்டுத் துணியையெல்லாம் பையில் அள்ளிப் போடு என்று நிமிராமலே சொன்னார் அம்மா.

வாலு அள்ளி முடித்தபோது மெஷின் ஓடவில்லை. அம்மா புத்தகத்தில் மூழ்கியிருந்தார்.

"அம்மா, சட்டை?"

"இருடி, மணிக்கூண்டுல மணி அடிக்கிறது யாருன்னு தெரியட்டும்."

கடைசிப் பக்கம் வரை நகரவில்லை. அந்தச் சீமாட்டியின் பாவாடைக்கு இருபது மீட்டர் துணியாவது பிடிக்கும் என்று வேறு வியந்தார். பிறகு மனசை மாளிகையிலேயே விட்டுவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தார். தைத்து முடித்துச் சட்டையைத் தூக்கிப் பிடித்தால், இடது கை வலது பக்கமும் வலது கை இடது பக்கமும் இருந்தன. அம்மா இப்படித் தைத்து வாலு பார்த்ததே இல்லை. அதற்குள் சட்டைக்கு வந்துவிட்டவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தையலைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

"உனக்கு எப்படிம்மா இது பிடிச்சுது?" என்று வாலு கேட்டாள்.

"உனக்கு எப்படிடி பிடிக்காமப் போச்சு?" என்று அம்மா கேட்டார்.

தனக்குக் கொட்டாவி வந்த அதே பக்கங்கள்தான் அம்மாவைக் கை மாற்றித் தைக்க வைத்திருக்கின்றன. வாலு அதையே வெகுநேரம் யோசித்தாள். பிறகு துண்டை மடித்து அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் வாலு எழுந்து நின்றதும் குண்டூசி சிரிக்கத் தயாராக வாயைப் பொத்திக்கொண்டான். புதுசு தலையைக் குனிந்துகொண்டாள். வாலு கதையை மணிக்கூண்டு வரைக்கும் சொல்லி, அங்கே நிறுத்தினாள்.

"எனக்கு இந்தக் கதை பிடிக்கல," என்றாள்.

குண்டூசி கிளுக்கென்று சிரித்தான். புதுசுவின் தலை இன்னும் தாழ்ந்தது.

"எனக்குச் சிரிக்கணும். இதுல யாருமே சிரிக்க மாட்டாங்க. ஆனா எங்கம்மா இதைப் படிச்சுட்டு, ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் மாத்தித் தைச்சுட்டாங்க. அவ்வளவு ஆழமா உள்ள போயிட்டாங்க. மணி அடிக்கிறது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். பயப்படப் பிடிக்கிறவங்க கை தூக்குங்க."

வகுப்பு சிரித்தது. ஆனால் யாரும் புதுசுவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. முதலில் உயர்ந்தது குண்டூசியின் கை. புதுசு மெல்லத் தலையைத் தூக்கி எண்ணிப் பார்த்தாள்.

அடுத்தது அவளுடைய முறை. வாலுவின் நகைச்சுவைப் படக்கதையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு இதுல ஒரு தடவைகூடச் சிரிப்பு வரல," என்றாள் சின்னக் குரலில்.

வாலுவுக்குச் சுருக்கென்றது. அவள் படித்துப் படித்து அட்டையே கிழிந்துபோன புத்தகம் அது.

"கழுதை குல்லா போட்டுக்கிட்டு விருந்துக்குப் போகுமே, அங்ககூடவா வரல?"

"அதைப் பார்த்தா பாவமா இருந்துச்சு. அவ்வளவு பெரிய விருந்துல அதோட யாருமே பேசல."

எத்தனையோ முறை படித்தும் அது வாலுவின் கண்ணில் பட்டதே இல்லை.

"ஆனா கேக்கைப் பூரா அதுதானே தின்னுச்சு?" என்றாள் வாலு.

"தனியா நின்னு தின்னுச்சு," என்றாள் புதுசு.

மாலையில் வீட்டுக்குப் போகும்போதும் அந்தச் சண்டை ஓயவில்லை. இவள் கேக் என்றாள், அவள் தனிமை என்றாள். தெருமுனைக்கு வந்ததும், இனி ஒருவர் புத்தகத்தை மற்றவர் வாங்குவதே இல்லை என்று இருவரும் கையடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு எங்கே சந்தித்துச் சேர்ந்து பள்ளிக்குப் போவது என்பதையும் அப்போதே பேசி முடித்தார்கள்.