மூன்றாவது முள்ளுக்கரண்டி

இடுப்பிலிருந்து குதிக்கால் வரைக்கும் ஒரு நரம்பு, பழுக்கக் காய்ச்சின கம்பி போல அலோசியஸை இழுத்தது. ஆஸ்பத்திரிக் குசினியில் அண்டா கழுவிக் கழுவிச் சேர்த்த சொத்து அது. ஓஸ்டர்முண்டிகன் வீட்டிலிருந்து இந்த மலைக்கு அவன்தான் காரை ஓட்டிவந்தான். சாப்பாட்டுக்கடை வாங்கில் குந்தினவுடனே சப்பாத்துக் கயிற்றைத் தளர்த்தினான். நிமிர்ந்தபோதுதான் மேசையைக் கண்டான். காலையில் போன் பண்ணி இரண்டு பேர் என்றுதான் சொல்லியிருந்தான். மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பை. மூன்று நீட்டு முள்ளுக்கரண்டி.

"ஏன் மூண்டு?"

"நான்தான் பிறகு போன் எடுத்துச் சொன்னனான்," என்றாள் செசீலியா.

அவன் மனுசிக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது.

"எப்பிடிச் சொன்னனி?"

"அவைக்கு விளங்கினது."

மாசி மாதம் அவர்களுடைய ஒரே மகன் யூட் சிநேகிதரோடு இங்கே பனிச்சறுக்க வந்து, கயிறு கட்டின எல்லையைத் தாண்டி இறங்கினான். பனி சரிந்தது. மற்றவர்களை நாய்கள் மோந்து எடுத்தன. யூட்டை எடுக்கவில்லை. பனி கரைந்து, புல் முளைத்து, மாடு மேய்ந்து முடிந்து, இப்போது ஐப்பசி. மலை அவனைத் தரவில்லை. செசீலியா அழவில்லை. சாப்பாட்டை அளைவாள், கொட்டுவாள், வேலைக்குப் போவாள். ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவன் பேரில் பூசை ஒப்புக்கொடுக்கவேண்டும்; அதற்கு அவள் வாயால் ஓம் என்று சம்மதம் வரவேண்டும். அது வராவிட்டால் இவளையும் பறிகொடுத்த மாதிரித்தான் என்று அலோசியஸுக்குத் தெரியும். விழுந்த இடத்தை ஒருக்கால் காட்டினால் சொல்லுவன் என்றிருந்தாள். இன்று பின்னேரம் காட்டினான். கல்லு, காய்ந்த புல்லு, அவ்வளவுதான். அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பசிக்குது" என்றாள்.

கடையில் வேறு ஒருவரும் இல்லை. புகை குடித்துக் கறுத்த கூரை வளைகள், சுவரில் மாட்டு மணிகள், கணப்படுப்பில் ஈர விறகு சீறுகிற சத்தம், அதற்கு வெளியே ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினது போல வெள்ளைப் புகார் மூட்டம். கடைக்கார மதாம் உருக்கின சீஸ் சட்டியைக் கொண்டுவந்து சின்னச் சுவாலைக்கு மேல் வைத்தாள். உள்ளியும் வெள்ளை வைனும் மணத்தன. அந்த மணத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. நனைந்த கம்பளி. கன காலம் காயாமல் கிடந்த கம்பளி.

செசீலியா சாப்பிட்டாள். ரொட்டித் துண்டைக் குத்தி, சட்டிக்குள் சுழற்றி, ஆறவிடாமல் வாய்க்குள் வைத்தாள். அலோசியஸ் தன் சாப்பாட்டை மறந்து அவள் தாடை அசைவதையே பார்த்தான்.

"மெல்லச் சாப்பிடன். வாய் வெந்துபோம்."

"நீங்கள் சாப்பிடுறமாதிரியோ? விடிய வெளிக்கிட்டால் பொழுதுபட்டுத்தான் முடியும்."

பகிடி விட்டாள். மாசிக்குப் பிறகு முதல் பகிடி. பூசையைப் பற்றி இப்போது கேட்கலாம் என்று நினைத்துக் கையை ஆட்டினதில், அவனுடைய ரொட்டி கரண்டியிலிருந்து கழன்று சீஸுக்குள் அமிழ்ந்துபோனது. தேடிக் கிளறினான். அகப்படவில்லை.

வைன் வார்க்க வந்த மதாம் கண்டுவிட்டாள். "ஐயா, ரொட்டியைத் தொலைத்தவர் கடன்காரர். மேசையில் இருக்கிறவர்கள் கேட்பதைக் கொடுக்கவேண்டும். எங்கள் வழக்கம் அது," என்றாள். அவன் பிரெஞ்சுக் குசினிகளில் அடிபட்டவன். இந்த விளையாட்டுத் தெரியும். பாட்டுப் பாடச் சொல்வார்கள், வைன் வாங்கச் சொல்வார்கள். மனுசிக்குச் சொன்னான்.

"நல்லது," என்றாள் அவள்.

மதாம் மூன்றாவது கிளாஸையும் நிரப்பிவிட்டுப் போனாள்.

செசீலியா ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்து மூன்றாவது கோப்பையில் வைத்தாள். "சூட்டோட சாப்பிடு," என்றாள். அவனுக்கில்லை.

இடப்பக்கத்தால் குளிர் வந்தது. கதவு திறந்த குளிர் அல்ல. குளிர் அறைக்குள் இறைச்சிக்குப் பக்கத்தில் நிற்கிற குளிர். பலகைத் தரையில் சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அலோசியஸ் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். சீஸ் பொளக் என்று ஒரு குமிழி விட்டது.

சட்டிக்குள் மூன்று கரண்டி நின்றன.

ஒன்று அவனுடையது. ஒன்று அவளுடையது.

மற்றது சுழன்றது.

மெல்ல. ஒரு வட்டம். இன்னொரு வட்டம். பிறகு மேலே வந்தது. நுனியில் ரொட்டி. அவன் தொலைத்த ரொட்டி. பிடித்திருந்த கை சாம்பல் நிறம். நகம் இல்லை.

அவன் நிமிரவில்லை. நிமிர ஏலாது.

"செசீலியா." குரல் காற்றாய்த்தான் வந்தது. "பூசைக்கு ஓம் எண்டு சொல்லு. இப்ப சொல்லு."

"செத்த ஆக்களுக்கெல்லோ பூசை." அவள் வாயைத் துடைத்தாள். முகத்தில் கோபமில்லை, அழுகையில்லை, ஒன்றுமில்லை. "இஞ்சேருங்கோ, நான் கேக்கவேண்டியதைக் கேக்கட்டோ? அங்கை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில நிக்கேக்கையே மலையோட பேசி முடிச்சிட்டன். ஆள் குறைஞ்சால் மலை விடாதாம். இவன் என்னோட வீட்டை வரட்டும். நீங்கள் நில்லுங்கோ."

பக்கத்துக் கதிரை பின்னுக்கு இழுபட்டது. ஈரக் காலடி. செசீலியா எழும்பி, வேலைக்குப் போகிறவள் போலக் கோட்டைப் போட்டு, மேசையில் கிடந்த கார்த் திறப்பை எடுத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே கார் ஸ்ராட் ஆனது.

அவளுக்குக் கார் ஓடத் தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே கார் மெல்ல ஊர்ந்து போனது. உள்ளே லைற் எரிந்தது. இரண்டு தலை. ஓட்டுகிற தலை கடையைப் பார்த்துத் திரும்பியது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பனி. இறுக அடைத்த பனி. அதற்குள் வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது.

மதாம் வந்தாள். இரண்டு கோப்பையை எடுத்தாள். அவனுடையதை விட்டாள். மலைப்பக்கத்துக் கதவைத் திறந்து, அவசரமில்லாமல், கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

மலைக்கு ஒரு ஆள் கடன். இன்னும் கொடுக்கவில்லை.