மார்த்தா குடாவில் ஒரு கப் விஷம்!

"ஐயோ… எரியுதே! முதுகு எரியுதே! கண்ணு தெரியலையே!"

அலறல்!

நண்டுக் கறிச் சட்டிக்குள் கரண்டி அப்படியே நின்றது.

டான்டி வெல்மா தார்ப்பாய்க்கு வெளியே தலையை நீட்டினாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கரையின் அந்தக் கோடியில் இருந்த பெரிய மரத்தடியிலிருந்து ஓர் ஆள் தள்ளாடி ஓடி வந்தான்.

கெர்வின்! போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து பெண்டாட்டியோடு வந்த கணக்கு வாத்தியார்.

முதுகெல்லாம் சிவப்பு. சுண்ணாம்புக் காளவாயில் புரண்டு எழுந்தவன் மாதிரி!

"டான்டி… என்னமோ என்னைக் கொல்லுது டான்டி!"

"கண்ணைத் தேய்க்காதே! கையை எடு! எடுடா கையை!"

வெல்மா குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். ஐம்பத்தெட்டு வயது. ஆனாலும் குடம் அவள் கையில் கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. தண்ணீர், சோப்பு, மறுபடியும் தண்ணீர்… மூன்று குடம் தீர்ந்தது.

"இப்பத் தெரியுதா?"

"தெரியுது… மங்கலா… ரெண்டு டான்டி தெரியுது!"

"ஒண்ணையே ஊரு தாங்க மாட்டேங்குது. இன்னும் கழுவு!"

வெல்மா எல்லோருக்கும் அத்தை முறை. அதனால்தான் டான்டி. அவளுக்கு அத்தை முறை சொல்லாத ஒரே ஜீவன் பக்கத்து வீட்டு நாய்!

கெர்வினின் மனைவி ஷெர்மா ஒரு கையால் புருஷனைப் பிடித்திருந்தாள். மறு கையில் போன். காலையில் படகு ஏறியதிலிருந்து அந்தப் போன் படம் பிடிப்பதை நிறுத்தவே இல்லை.

"பாருங்க மக்களே, என் புருஷனோட கதியைப் பாருங்க! டான்டி, சும்மா விட மாட்டேன். திங்கக்கிழமை ஸ்கார்பரோ ஆபீஸுக்கு இந்தப் படம் போகும்!"

வெல்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை!

டொபேகோவின் வடமூலையில் இருக்கும் மார்த்தா குடாவுக்குச் சாலை இல்லை. படகுதான். ஆமை முட்டையிடும் கரை என்பதால், ஆட்களைக் கூட்டிப்போய்ச் சோறு போட்டுத் திருப்பிக் கொண்டுவர ஒரே ஒருவருக்குத்தான் அரசாங்க அனுமதி பேட்ஜ். பதினெட்டு வருஷமாக அது வெல்மாவின் சட்டையில் குத்தியிருக்கிறது. திங்கட்கிழமை தீவின் தலைநகரான ஸ்கார்பரோவில் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

பயணிக்கு ஒரு காயம் என்றாலும்… பேட்ஜ் போச்சு!

போனால் அது யாருக்குப் போகும் என்பதும் தெரியும். மூன்று பெரிய படகு வைத்துக்கொண்டு, மார்த்தா குடாவுக்கு மட்டும் நாக்கைத் தொங்கப் போட்டிருக்கும் ஆர்ச்சிபால்டுக்கு!

"பாவம் டான்டி…" என்று மெல்லிய குரல் கேட்டது. மிஸ் கொரேட்டா. டொரன்டோவிலேயே பிறந்து வளர்ந்தவள். தீவுக்கு இதுதான் முதல் தடவை. காலையில் தென்னை மரத்தைக் காட்டி, "அதுல தொங்கறது என்ன காய்ங்க?" என்று கேட்டவள். "நானும் நாலு போட்டோ எடுத்து வெச்சிருக்கேங்க. ஆபீஸ்ல கேட்டா ஒரு ஆதாரம் வேணும் இல்லீங்களா?"

"ரொம்ப நல்ல மனசும்மா உனக்கு."

வெல்மா படகுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஹோலிஸ்! கிளப்புடா படகை! ஆஸ்பத்திரி!"

படகுக்குள்ளிருந்து ஒரு தொப்பி எழுந்தது. தொப்பிக்கு அடியில் படகோட்டி ஹோலிஸ். பாதித் தூக்கத்தில் இருந்தான். மீதிப் பாதியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"குடா வாயில அலை உடையுது டான்டி. இப்பப் போனா எல்லாரும் மீனுக்குச் சோறு. அரை மணி நேரம் அடங்கட்டும்."

"அரை மணி நேரமும் முழிச்சிருந்து பாரு. நீ காவல் இருக்கறேன்னுட்டுத் தூங்கினப்பதான் போன கிறிஸ்மஸுக்குச் சுட்டு வெச்ச என் பன்னித் தொடையை அந்தப் பக்கத்து வீட்டு நாய் தூக்கிட்டுப் போச்சு!"

"பொல்லாத நாய் டான்டி அது!" என்று ஹோலிஸ் தலையை ஆட்டிவிட்டு மறுபடி படுத்தான்.

அரை மணி நேரம்.

வெல்மா பெரிய மரத்தை நோக்கி நடந்தாள். மனசு பின்னோக்கி ஓடியது. காலையில் படகில் ஏறியதுமே சொல்லியிருந்தாளே!

"செவப்புப் பட்டை அடிச்ச மரம் சிலது இருக்கு. தொடாதீங்க. அடியில உக்காராதீங்க. மழை பேஞ்சா அந்தப் பக்கமே போகாதீங்க. இலையில வடியற தண்ணி தோலை உரிச்சிடும்!"

"மரத்துக்குப் பேரு என்ன டான்டி?" என்று ஷெர்மா போனை நீட்டியிருந்தாள்.

"பேரு எதுக்கு? பொண்ணு பாக்கப் போறியா? செவப்பைப் பாத்தா ஓடு. அவ்வளவுதான்!"

கெர்வின் வாத்தியார். சொன்னதைக் கேட்கிற ஜாதி. ஆனால் நகரத்து ஆள். மாம்பழம் கடையில் காய்க்கிறது என்று நினைக்கிற ஆள். சிவப்புப் பட்டை இருந்தால்தான் அவனுக்கு அது விஷ மரம்…

வெல்மா மரத்துக்குப் பத்தடி தள்ளி நின்றாள்.

உறைந்தாள்!

மரம் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது!

அடிமரத்தில், இடுப்பு உயரத்தில், சாம்பல் நிறச் சேறு வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சேற்றின் நடுவே கோடு கோடாய்… சிவப்பு!

ரத்தமில்லை. ஈஸ்டருக்கு அவளே கையுறை மாட்டிக்கொண்டு அடித்த பெயின்ட்.

யாரோ அதன்மேல் சேறு பூசி மறைத்திருக்கிறார்கள்!

எப்போது?

நேற்றும் மழை. நேற்றுப் பூசியிருந்தால் நேற்றே கரைந்திருக்கும். அப்படியானால் இன்றைக்குத்தான். இன்று இந்தக் கரைக்கு வந்த படகு ஒன்றே ஒன்று.

பூசியவர் என் படகில் வந்தவர்… என் கையால் சாப்பிடப் போகிறவர்!

வெல்மா விரலை மடக்கினாள். கெர்வின் இல்லை, வெந்தவனே அவன்தான். ஷெர்மா இல்லை, போனை விட்டுக் கை எடுத்ததே இல்லை. சேறு பூச அவளுக்கு மூன்றாவது கை வேண்டும். ஹோலிஸ்? சேறு பூசுவது வேலை. வேலை என்றால் அவன் இல்லை.

மிச்சம் இரண்டு பேர். மழை நேரம் முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் அவளோடு உட்கார்ந்து இனிக்க இனிக்கப் பேசிய மிஸ் கொரேட்டா.

அப்புறம்… மிஸ்டர் பெம்பர்டன்!

இங்கிலாந்துக்காரர். மரத்துக்கு ஐந்தடி தள்ளி, ஈர மணலில் ஒரே இடத்தில் ஆழமாய் அவருடைய பூட்ஸ் தடம். மழை கொட்டியபோது அங்கேதான் நின்றிருக்கிறார். ஐந்தே அடி! உள்ளே போகாமல் நனைந்துகொண்டே நின்றார். ஏன்?

வெல்மா திரும்பி வந்தாள். பெம்பர்டன் பாறையில் உட்கார்ந்து காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார். முழங்கால் இரண்டிலும்…

சேறு!

"மழையில ஏன் மிஸ்டர் நின்னீங்க? பக்கத்துலயே மரம் இருந்துச்சே?"

"எந்த மழை?"

"இப்பப் பேஞ்சதே!"

"இதுக்குப் பேரு மழையா? எங்க ஊர்ல இதுல துணி காயப் போடுவோம்மா."

"முழங்கால்ல சேறு?"

"ஒரு நாரையைப் பாத்துக்கிட்டே போனேன். அது ஓடையைத் தாண்டிச்சு. நான் தாண்டலை."

நல்லாத்தான் பேசறே மவனே, என்று வெல்மா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆபீஸில் போய் 'அவர் மழையில் நின்றார்' என்று சொன்னால் சிரிப்பார்கள். வேறு ஏதாவது வேண்டும். அவன் வாயாலேயே வர வேண்டும்.

அவள் எல்லோரையும் கூப்பிட்டாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. நான் போய்ப் பாத்துட்டேன். இது கடல் சொறி, அதான் ஜெல்லி மீன், உரசினது. வாத்தியார் நீந்தினாரில்ல?"

"நான் அப்பவே சொன்னேன், ஆழத்துக்குப் போகாதேன்னு!" என்றாள் ஷெர்மா.

"நீ எப்பச் சொன்னே? போன்லதான் பேசிக்கிட்டிருந்தே!" என்றான் கெர்வின்.

"நிச்சயமா சொறிதானாங்க டான்டி?" என்று கொரேட்டா கவலையோடு கேட்டாள்.

"நிச்சயம்மா. சரி, அலை அடங்கற வரைக்கும் தொண்டையை நனைப்போம். ஹோலிஸ்! நீயும் வா!"

தூக்கத்தில் எதற்கும் எழாத ஹோலிஸ் இதற்கு எழுந்தான்.

டான்டி வெல்மாவின் ரகசிய ஜூஸ்! குடும்பச் சொத்து. பயணத் துண்டுச்சீட்டிலேயே அச்சடித்திருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று பதினெட்டு வருஷமாக ஹோலிஸுக்குக்கூட அவள் சொன்னதில்லை. ஐஸ் பெட்டிக்குப் பின்னால் முதுகைக் காட்டிக் கலக்குவாள், வாளியோடு திரும்புவாள்.

ஐந்து கப் ஊற்றினாள். எல்லோரும் உறிஞ்சினார்கள். ஹோலிஸ் ஒரே மடக்கில் முடித்துவிட்டு, இரண்டாவது தடவைக்குக் கப்பை நீட்டி வாங்கினான்.

"ஆஹா!" என்றான் கெர்வின். "என்ன பழம் டான்டி இது?"

வெல்மா கப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். கண் மட்டும் பெம்பர்டன் மேல்.

"எப்பவும் போடற பழம் இன்னிக்குத் தீந்து போச்சு. அதனால இங்கயே பொறுக்கினேன். கரையோரம் மரத்தடியில கொட்டிக் கெடக்கே… பச்சையா… சின்ன ஆப்பிள் மாதிரி… கமகமன்னு…"

ஒரு நொடி.

இரண்டு நொடி.

பெம்பர்டன் கப்பைக் கீழே வைத்தார்.

வெல்மா துடைப்பதை நிறுத்தினாள். துப்பு… துப்புடா!

"அம்மா…" என்றார் பெம்பர்டன்.

"சொல்லுங்க மிஸ்டர்…"

"இன்னும் ஒரு கப் கிடைக்குமா?"

என்னது!

அதே கணம்…

"த்தூ!"

ஜூஸ் மணலில் தெறித்தது. கப் பறந்தது. ஓர் அலறல் மலையில் மோதித் திரும்பியது.

"மாஞ்சினீல்! அடிப்பாவி கெழவி! மாஞ்சினீலையா புழிஞ்சு ஊத்தினே! தொண்டை வெந்து போயிருமே! தண்ணி! தண்ணி குடுங்கடி!"

மிஸ் கொரேட்டா!

டொரன்டோ ஒரு நொடியில் ஸ்கார்பரோ மீன் மார்க்கெட் ஆகிவிட்டது!

"மாஞ்சினீலா? அப்படின்னா என்ன?" என்று கெர்வின் பேந்தப் பேந்த விழித்தான்.

"அதானே!" என்றாள் வெல்மா மெதுவாக. "அந்த விஷ மரத்தோட பேரையும், அது காய்க்கற பழத்தையும் நான் காலையிலேருந்து ஒரு தடவைகூடச் சொல்லலையே மகளே. தேங்காயே தெரியாத பொண்ணுக்கு அது எப்படித் தெரிஞ்சுது?"

"பேச்சு எதுக்குடி இப்ப? படகை எடு! நான் சாவப் போறேன்!"

"அலை அடங்கலையே. சாகறதுக்கு முன்னாடி நெஞ்சுல இருக்கறதை எறக்கி வெச்சிடு. சேறு பூசினது யாரு?"

"நான்தான்! நான்தான் பூசினேன்! எங்க ஆர்ச்சிபால்ட் மாமாதான் சொன்னாரு! பட்டையை மறைச்சிட்டா எவனாவது போய் உக்காருவான், கெழவி பேட்ஜ் எனக்கு வந்துரும், உனக்கு ஒரு படகு தர்றேன்னாரு! அந்தாளு நாசமாப் போக! ஐயோ, எரியுதே!"

"எரியாது," என்றாள் வெல்மா.

ஐஸ் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டாள். ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்தாள். மேலே ஓர் ஆப்பிள் சிரித்துக்கொண்டிருந்தது.

"சூப்பர் மார்க்கெட் ஆப்பிள் ஜூஸ். கொஞ்சம் எலுமிச்சை. ஜாதிக்காய். ஒரு சொட்டு ரம். அவ்வளவுதான்!"

கொரேட்டா தொண்டையைப் பிடித்த கையை மெல்ல இறக்கினாள். எரியவில்லை!

"பதினெட்டு வருஷமா இதைத்தான் குடும்ப ரகசியம்னு ஊத்தறீங்களா?" என்று பெம்பர்டன் கேட்டார்.

"ஓசியில ரெண்டாவது கப் கேக்கறவரு கேள்வி கேக்கக் கூடாது மிஸ்டர்." வெல்மா சட்டையில் பேட்ஜை நிமிர்த்திக்கொண்டாள். "உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். அதுக்காக மன்னிச்சுக்கங்க. மூணாவது கப்பும் உங்களுக்குத்தான்."

கெர்வின் முதுகைக் காற்றுக்குக் காட்டியபடி கொரேட்டாவை முறைத்தான். "அப்ப என்னைச் சுட்டது சொறி இல்லை… நீயா?"

"மக்களே, பாத்துக்கிட்டே இருங்க!" என்றாள் ஷெர்மா. போன் கொரேட்டாவின் மூக்குக்கு நேரே இருந்தது. "சேத்துலேருந்து மாமா வரைக்கும் எல்லாம் பதிவாயிருக்கு. டான்டி, திங்கக்கிழமை ஆபீஸுக்கு இந்தப் படம் போகத்தான் போகுது. கூடவே நானும் வரேன். உங்க பேட்ஜை எவன் தொடறான்னு பாக்கறேன்!"

வெல்மா மூச்சை விட்டாள். நாள் முழுக்கச் சுமந்த சிமென்ட் மூட்டையைக் கடைசியாக இறக்கினவனின் மூச்சு அது.

"வாத்தியாரை ஏத்துங்க. முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ். ஹோலிஸ், அலை அடங்கிடுச்சா?"

வெல்மா படகுப் பக்கம் திரும்பினாள்.

"ஹோலிஸ்?"

படகில் இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் இல்லை. மணலில் அவன் கப் கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்து கடலுக்கு நேராக ஒரு காலடித் தடம்… ஓடின தடம்!

"டான்டி… அங்க!" என்று ஷெர்மா கத்தினாள்.

கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு தொப்பி நின்றது. கடலை வாரி வாரிக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரன்! 'சின்ன ஆப்பிள்' என்ற வார்த்தையிலேயே ஓடியிருக்கிறான். அட்டைப் பெட்டியை அவன் பார்க்கவே இல்லை.

"டான்டி!" என்று தேம்பியது அந்தத் தொப்பி. "ரெண்டு கப் குடிச்சிட்டேன் டான்டி! பொய்யோட சாக மாட்டேன்! போன கிறிஸ்மஸ் பன்னித் தொடை… நாய் இல்லை… நான்தான்!"

ஷெர்மாவின் போன் தொப்பியின் பக்கம் திரும்பியது.

கெர்வின் பாவப்பட்டுப்போய், "அது விஷம் இல்லைன்னு சொல்லிடட்டுமா டான்டி?" என்றான்.

வெல்மா அவன் தோளை, எரியாத பக்கமாகப் பார்த்து, அழுத்தி உட்கார வைத்தாள்.

"சும்மா இரு வாத்தியாரே… என் புது நங்கூரக் கயிறும் காணாமப் போயி மூணு மாசமாச்சு!"