விளக்கெண்ணெய் என்று எழுதிய சீசா

எண்ணெய் இருந்த அளவில் இருந்தது. அதன் மேலே நின்ற தெளிந்த பகுதிதான் குறைந்திருந்தது.

வேலாயுதம் சீசாவை முன்னறை பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு விளக்கெண்ணெய், தேன் நிறத்தில், அசையாமல். அதன் மேல் கழுத்து வரை நின்ற ஸ்பிரிட்டு இப்போது தோளுக்கும் கீழே கிடந்தது. தக்கை இறுக்கமாக இருந்தது. ஆவியாகிப் போனால் ஒரு விரல் குறையும். இது நாலைந்து விரல்.

தலை வலித்தது. காலையிலிருந்தே வலித்துக்கொண்டிருந்தது. பழக்கமில்லாத குடி. கண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தான். குறைந்தது குறைந்ததுதான்.

அது குடிக்கிற பொருள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேரர் பார்க் திடலில் அவன் கம்பி கட்டிச் சுற்றவிடும் பொம்மை விமானத்தின் எஞ்சினுக்கான எரிபொருள். மூன்று பங்கு மர ஸ்பிரிட்டு, ஒரு பங்கு விளக்கெண்ணெய். எஞ்சினை விற்ற விமானப் படை வெள்ளைக்காரன்தான் கலவையைச் சொல்லிக் கொடுத்தான். வாயில் பட்டால் முதலில் கண் போகும், பிறகு ஆள் போவான் என்று தன் கண்ணை விரலால் குத்துவதுபோலக் காட்டினான். குளிரில் வைத்தால் எண்ணெய் பிரிந்து அடியில் தங்கும், குலுக்கிவிட்டு ஊற்று என்றும் சொன்னான்.

போன வருஷம் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பு எரிந்த பிறகு, அவன் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி உம்மு சல்மா தீப்பற்றுகிற எதையும் மாடிக்கு ஏற்ற விடுவதில்லை. தகரக் கூரையின் சூட்டில் தக்கை தெறித்துவிடும் என்று அவனுக்கும் பயம் இருந்தது. அவன் வேலை பார்த்த இறைச்சிக் கிடங்கைவிடக் குளிர்ச்சியான இடம் சிங்கப்பூரில் எங்கே இருக்கிறது? குளிர் அறைக்கு முன்னால் இருந்த சிறிய அறையின் அலமாரியில் வைத்தான். நஞ்சு என்று எழுதினால் முதலாளி எறியச் சொல்வார். விளக்கெண்ணெய் என்று எழுதி ஒட்டினான். சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்ற அதைக் குடித்து வளர்ந்த எந்தத் தமிழனும் அந்தப் பெயர் போட்ட சீசாவைத் தொடமாட்டான். பூட்டே தேவையில்லை என்று சிரித்துக்கொண்டே ஒட்டினான்.

கிடங்கில் அவனைத் தவிர இருந்த ஒரே ஆள் தங்கராஜு.

நேற்று மாலை வேலை முடிந்ததும் தங்கராஜு இரண்டு கண்ணாடித் தம்ளர்களோடு வந்து நின்றான். அவன் மனைவி லீலா கே.கே. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருந்தாள்.

"பொம்பளப் புள்ளைண்ணே. இன்னும் மொகத்தப் பாக்கல. கப்பல் சரக்கு எறங்குற அன்னிக்குத்தானா வரணும் அது?"

"நாளைக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில உள்ள விடுவாங்க. போய்ப் பாரு."

"பாக்கத்தான் போறேன். மொதல்ல இதக் குடிங்க. சம்சு சாராயம். இஞ்சி சோடா கலந்திருக்கேன்."

"நான் குடிக்கிறதில்லன்னு தெரியும்ல?"

"பிளேன் உடுற ஆளு, ஒரு கிளாசுக்குப் பயப்படுறீங்க. பெரியப்பா ஆயிட்டீங்க, குடிங்கலா!"

வேலாயுதம் ஒரு தம்ளர் குடித்தான். தங்கராஜு மூன்று. தங்கராஜுவின் மூச்சில் லேசாக விளக்கெண்ணெய் வாடை வந்தது. வேலாயுதம் அதைக் கவனித்தான், பொருட்படுத்தவில்லை. தன் சட்டையிலும் நகக்கண்ணிலும் எப்போதும் இருக்கிற வாடை அது.

வேலாயுதம் சீசாவைத் திரும்ப அலமாரியில் வைத்தான். இந்த முட்டாள் எப்போது இதைத் தொட்டான்?

குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தங்கராஜுவின் பித்தளை வில்லை தொங்கியது. உள்ளே போகிறவன் தன் வில்லையை மாட்டிவிட்டுப் போவான், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வான். ஆணியில் வில்லை இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். இரண்டு மணிக்கு மாட்டியது. இப்போது மூன்று. அரை மணிக்கு மேல் யாரும் உள்ளே நிற்பதில்லை.

மாட்டும்போது தங்கராஜு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். "என்னண்ணே இவ்வளவு பனி? லைட்டே மங்கலா தெரியுது" என்றான். மூணு கிளாசு ஊத்திக்கிட்டா அப்படித்தான் தெரியும் என்று வேலாயுதம் கிண்டல் செய்தான்.

இப்போதுதான் உறைத்தது. தங்கராஜு அதைச் சொன்னபோது குளிர் அறைக் கதவு மூடியிருந்தது. முன்னறையில் பனியே இல்லை.

வேலாயுதம் தன் வில்லையை அடுத்த ஆணியில் மாட்டினான். அது கையின் பழக்கம். கதவை இழுத்து, மூடிக்கொள்ளாதபடி மரக்கட்டையை அண்டக் கொடுத்தான். உள்ளிருந்து வெள்ளைப் பனி புரண்டு வந்து முழங்காலைச் சுற்றிக்கொள்ள, உறைந்த கொழுப்பும் ஈரச் சாக்கும் கலந்த வாடை மூக்கைக் கரிக்க, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த உரித்த ஆடுகள் துணி சுற்றி வரிசை வரிசையாகக் கொக்கிகளில் தொங்க, அவற்றின் நடுவே தோளால் இடித்து இடித்து அவன் நடந்தான். இடிபட்டவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டன, மரம் மரத்தில் மோதுவதுபோல. விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் இரைச்சலுக்கு அடியில் வேறு ஒரு சத்தம் இருந்தது. தகரத்தை நகத்தால் தடவுகிற சத்தம். நிற்கும். சற்றுத் தள்ளித் தொடரும்.

"தங்கராஜு!"

சத்தம் நின்றது.

"அண்ணனா?"

கடைசி வரிசைக்குப் பின்னால் அவன் சுவரில் இரண்டு கைகளையும் பரப்பிக்கொண்டு நின்றான். விரல் நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. தகரச் சுவரில் அவன் தடவிய கோடுகள் மூலையிலிருந்து மூலைவரை போயிருந்தன. எத்தனை முறை சுற்றியிருப்பான்?

"லைட்ட ஏண்ணே அமத்துனீங்க?"

பல்பு அவன் தலைக்கு நேர் மேலே எரிந்தது.

அவன் முகத்தை உயர்த்தியிருந்தான். கண்கள் அகலத் திறந்திருந்தன. கருமணி கண்ணையே நிரப்பியிருந்தது. இமை மயிரில் பனித்தூள் உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் நேராக விழுந்தும் அவன் இமைக்கவில்லை.

"போடுங்கலா. வெளையாடாதீங்க. மணி என்னா? நாலு மணிக்கு நான் அங்க இருக்கணும்."

"அந்தச் சீசாவுல எவ்வளவு குடிச்ச?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே." தங்கராஜு சிரிக்கப் பார்த்தான். பற்கள் அடித்துக்கொண்டன. "வெளக்கெண்ணெய்னு எழுதி ஒட்டிட்டா நான் ஏமாந்துருவேனா? அடியில எண்ணெய உட்டு மேல சம்சு ஒளிச்சு வச்சிருக்கீங்க. நல்ல ஆளு."

"எவ்வளவு குடிச்ச?"

"நான் ஒண்டியா குடிக்கலயே. நேத்து ரெண்டு பேருந்தான குடிச்சோம்."

விசிறிகள் ஓடின. எங்கோ ஒரு கொக்கி கிறீச்சிட்டது.

ஒரு தம்ளர். இஞ்சி சோடா. தலைவலி.

வேலாயுதம் அவன் கையைப் பிடித்தான். திரும்பினான். கதவைத் திறந்துதான் வைத்திருந்தான். நேரே நடந்தால் முன்னறையின் மஞ்சள் வெளிச்சம் தெரிய வேண்டும்.

வெள்ளை.

நடந்தான். ஆடுகள் முகத்தில் இடித்தன. முதல் வரிசை. இரண்டாவது. மூன்றாவது. கால் மரக்கட்டையில் தட்டியது. கதவு இதுதான். தாண்டினான். பனி கூடவே வந்தது. கையை நீட்டினான். அலமாரி. சீசா விரலில் பட்டு விழுந்து உடைந்தது. பிசுபிசுப்பு. ஞாயிற்றுக்கிழமை வாடை.

"ஏண்ணே மெதுவாப் போறீங்க?"

"பனி."

தெருக் கதவைத் தள்ளினான்.

சூடு. முகத்தில், உச்சந்தலையில், மூன்று மணி வெயில். மல்லிகைப்பூ வாடை. மசாலா அரைக்கும் வாடை. பஸ் ஹாரன். யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். உடம்பெல்லாம் வேர்த்தது.

பனி கலையவில்லை.

"வெளிய வந்துட்டமாண்ணே?"

வேலாயுதத்தின் கை சட்டைப் பையைத் தடவியது. வில்லையை எடுக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. இரண்டும் ஆணியில் தொங்கும். யார் பார்த்தாலும் இருவரும் உள்ளே இருப்பதாகத்தான் எண்ணிக்கொள்வார்கள்.

வெள்ளைக்குள் உருவங்கள் தெரிந்தன. வரிசையாக. மங்கலாக. துணி சுற்றியவை. கால் இல்லை. தலை இல்லை. தரைக்கு மேலே தொங்கியபடி, மெல்ல ஆடி ஆடி, சிராங்கூன் சாலை நெடுக நகர்ந்தன.

தங்கராஜுவின் விரல்கள் அவன் கைக்குள் உறைந்து கிடந்தன. "மணி நாலாச்சா?"

உருவங்களில் ஒன்று நின்றது. அவர்கள் பக்கம் திரும்பியது. கொக்கியில் மாட்டியதுபோல ஆடிக்கொண்டே, மிக அருகில் வந்தது.

"என்னா தம்பி," என்றது அது, "ரெண்டு பேரும் ஏன் இப்படிப் பாக்குறீங்க?"