ஆயுத பூசையன்று ஊமையான போன்

காலை 10.42க்கு வந்த போன் ஆறு நிமிஷம் ஓடியது. வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளக் காட்டில் பாம்பு கடித்த தங்கராசுக்கு ஆம்புலன்ஸ் கேட்டு அவன் பெண்டாட்டி ராசாத்தி போட்ட போன். எடுத்த பக்கம் பேச்சு மூச்சே இல்லை. 11.30க்கு, பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோன வழியிலேயே தங்கராசு போய்ச் சேர்ந்தான்.

போனை எடுத்தவள் வரதராசன்பேட்டை ஷாலினி மேரி. பெரம்பலூர் ஆம்புலன்ஸ் ஆபீசில் இருக்கும் கம்ப்யூட்டரை வீட்டு லேப்டாப்பிலிருந்தே ரிமோட்டில் இயக்கி, அதில் வரும் போன்களை எடுத்துப் பேசுகிறவள், அடுத்த மாசம் சூப்பர்வைசர் ஆக இருந்தவள். ஆயுத பூசைக்கு மற்றவர்கள் லீவு கேட்க, நமக்கென்ன பூசையா என்று டூட்டியை வாங்கிக்கொண்டாள். அவள் தூங்கிவிட்டாள் என்று சூப்பர்வைசர் கலைவாணன் எழுதிக் கொடுத்தான். சாயங்காலமே அவள் வூட்டு ஓட்டில் கல் விழுந்தது. அவளைக் கைது செய்யும் முன் எதற்கும் பார்த்துவிடுவோம் என்று எஸ்.ஐ. பெரியசாமி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை அருள்முருகனை வரவழைத்தார்.

மறுநாள் காலை 9.00. முதல்நாள் பூட்டிக் கிடந்த ஆபீசைக் கலைவாணன் திறந்தான். இருந்தது ஒரே சாவி, அதுவும் அவனிடம். லீவுக்கு முந்தின சாயங்காலமே பூசையை முடித்துவிட்டு அரியலூர் மாமனார் வூட்டுக்குப் போனவன், இப்போதுதான் வருகிறானாம். ஆபீஸ் கூட்டும் பஞ்சவர்ணம் அந்தப் பூசைக்கு மானிட்டர், கீபோர்டு, ஸ்பீக்கரின் சத்தக் குமிழ் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள்.

"நெட் பிரச்சனைங்க. அவ கவனிக்கல," என்றான் கலைவாணன்.

எதற்கெடுத்தாலும் நெட்டின் மேல் பழி போடுகிறவர்களைக் கண்டாலே அருள்முருகனுக்குப் பற்றிக்கொண்டு வரும். எஸ்.ஐ. லேப்டாப்போடு அழைத்து வந்திருந்த ஷாலினியிடம் திரும்பினான்.

"படம் விட்டு விட்டு வந்துச்சா?"

"இல்லண்ணே. மவுஸு, படம் எல்லாம் சரியா ஓடுச்சு. சத்தம் மட்டும் இல்ல. ஹலோ ஹலோன்னு கத்துனேன். கலைவாணன் சாருக்கு மெசேஜ் போட்டேன். நெட்டுதான், ரவுட்டரை ஆஃப் பண்ணிப் போடுன்னாரு."

நெட் மோசமானால் படமும் திக்கியிருக்கும். இங்கே சத்தம் அறுந்துபோகவில்லை, வேறெங்கோ போயிருக்கிறது. லேப்டாப்பைப் பார்த்தான். பூசையன்று காலை 9.15க்குக் கலைவாணன் புது இணைப்பு ஃபைல் ஒன்றை அனுப்பி, இனி இதில்தான் நுழையணும் என்று எழுதியிருந்தான். அதில் அவள் மைக் அடைக்கப்பட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரின் மைக் மட்டும் திறந்திருந்தது. சத்தத்துக்கு, ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஒலிக்கட்டும் என்று குறித்திருந்தது.

"கை தவறிடுச்சுங்க," என்றான் கலைவாணன்.

இருக்கலாம். கை தவறுவதற்குக் கேஸ் இல்லை. அருள்முருகன் ஸ்பீக்கரிடம் குனிந்தான். குமிழில் இருந்த பொட்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தது. குங்குமம் விரல் பட்டு இழுபட்டிருந்தது.

"அக்கா, இப்புடியா வச்சீங்க?"

"நேரா உச்சியிலதான் தம்பி வச்சேன்," என்று பஞ்சவர்ணம் தன் போனைக் காட்டினாள். பூசை முடிந்து ஆபீசைப் பூட்டும்போது எடுத்து ஸ்டேட்டஸ் வைத்த படம். பொட்டு உச்சியில் இருந்தது.

"பூட்டுன ஆபீசுக்குள்ள குமிழைத் திருப்புனது யாருங்க?" என்றான் அருள்முருகன். "அடுத்த மாசம் ஷாலினி உங்க சீட்டுக்கு வரப்போறா. ஒரு நாள் அவ பேரு கெடணும், நீங்க உக்காந்து அதைக் கேக்கணும்னு திட்டம். மாமனார் வூட்டுக்குப் போகவே இல்ல. இங்கதான் இருந்தீங்க. ராசாத்தி கதறுனது இந்த ஸ்பீக்கர்லதான் கேட்டுச்சு. ஊரு பேரு எல்லாம் சொல்லியிருக்கும். வேற போன்லேர்ந்து டிரைவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஆளு பொழைச்சிருப்பான். நீங்க சத்தத்தைக் குறைச்சீங்க."

கலைவாணன் எஸ்.ஐ. பக்கம் திரும்பினான்.

"ரோட்டுக்குக் கேக்குமோன்னு பயமா இருந்துச்சு சார்," என்றான்.

ஷாலினி மேரியின் பேர் மீண்டது. அவள் முகத்தில் அது தெரியவில்லை. ராசாத்தியிடம் போய் நிற்க அவளுக்குத் தைரியம் கிடையாது. ஜீப்பில் ஏறப்போனவனிடம் போய் நின்றாள்.

"அந்தக்கா என்ன சார் சொன்னாங்க?"

கலைவாணன் ஜீப் கம்பியைப் பிடித்தபடி சொன்னான்.

"'மூச்சு விடுறது கேக்குது, பேசு தாயி'ன்னு சொல்லிட்டே இருந்துச்சு. அதுக்குக் கேட்டது ஆபீசுல எனக்கு மேல ஓடுன ஃபேன் சத்தம்."