அசையாத புரொப்பெல்லர்

விமானத்தின் வாலுக்குப் பின்னால் தரை வெதுவெதுப்பாக இருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டு வேலை பார்ப்பது ஜெபினாவின் பழக்கம். ஏசியில் கொட்டகையே சில்லிட்டுக் கிடக்க, அந்த இடம் மட்டும் யாரோ இப்போதுதான் அடுப்பை இறக்கி வைத்த மாதிரி உள்ளங்காலில் சுட்டது. தரைக்கடியில் சுடுநீர்க் குழாய் ஓடுகிறதாக்கும் என்று நகர்ந்துகொண்டாள். யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

ரிச்சர்ட்சன் ஊரைத் தாண்டி இருந்த சின்ன விமான மியூசியம் அது. கடற்படை சோதனைக்காகச் செய்த ஒற்றை இருக்கைப் போர்விமானத்தை அவள் முப்பரிமாண ஸ்கேன் செய்து திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். மூக்கில் பிஸ்டன் என்ஜின், வாலில் ஜெட் என்ஜின் என்று இரட்டைப் பிறவி. ஜெட்டை எப்போதோ கழற்றிவிட்டார்கள். சனிக்கிழமை டேகேர் கிடையாது, கணவன் ஷைனுக்கு ஆபீஸ் வேலை. ஆகவே ஐந்து வயது அபிகாயிலும் கூடவே வந்திருந்தாள்.

"பேசாம பாப்பாவ பைலட் சீட்ல உக்கார வைம்மா," என்றார் அங்கே வாலண்டியராக இருந்த கோபாலசாமி அங்கிள். "புரொப்பெல்லர கயித்துல கட்டித்தான் வச்சிருக்கோம். சுத்தாம என்ன ஆகப்போவுது? நான் காபி வாங்கிட்டு வரேன்."

ஜெபினாவும் கையில் டேப்லெட்டைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டாள். அரை மணி நேரம் பிள்ளை ஓடாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

இப்போது மண்ணெண்ணெய் வாசனை வந்தது. கூடவே, காதால் கேட்பதா பல்லால் கேட்பதா என்று தெரியாத ஒரு மெல்லிய ரீங்காரம். வாலின் வெற்றுக் குழாய்க்கு நேரே கையை நீட்டினாள். உள்ளிருந்து சூடான காற்று நிதானமாக உள்ளங்கையைத் தள்ளியது.

நேற்று படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கால பைலட்டுகளுக்கு இதில் ஒரு குறும்பு உண்டாம். நடுவானில் புரொப்பெல்லரை நிறுத்திவிட்டு, வால் என்ஜினிலேயே அடுத்த விமானத்தைக் கடந்து போவார்களாம். பார்க்கிறவன் வெலவெலத்துப் போவானாம்.

புரொப்பெல்லர் நின்றிருந்தால் விமானமும் நிற்கிறது என்று யார் சொன்னது? ஐயோ, நானே தூக்கி உட்கார வைத்தேனே!

"அபி! இறங்கு!"

"ஐ காண்ட், அம்மா. அங்கிள் பெல்ட் போட்டுட்டார்."

ஜெபினாவுக்கு உயிர் வந்தது. அங்கிள் திரும்பி வந்துவிட்டார் போல.

"என்னம்மா, கத்துற?"

குரல் முதுகுக்குப் பின்னால், வாசலிலிருந்து வந்தது. கோபாலசாமியின் இரண்டு கையிலும் காபி.

ஓடினாள். இறக்கைக்கு ஏறும் படி எட்டவில்லை. சற்றுமுன் எட்டிய படி. எக்கினாள். எட்டவில்லை.

கண்ணாடி மூடி தானாக நகர்ந்து மூடியது. உள்ளே அபி கையாட்டினாள். அவள் தோள்மேல் ஒரு தோல் கையுறை.

கயிறு அறுபடவில்லை. புரொப்பெல்லர் அசையவில்லை. சக்கரங்களுக்கும் தரைக்கும் நடுவே எதிர்ச்சுவர் தெரிந்தது.