ஆற்றைச் சுற்றி வந்த வேன்

1996, தை மாதம். பகல் பதினோரு மணி. குத்தாலம் டிராவல்ஸ் ஆபீசில், துணி சுற்றித் தைத்த பார்சலைச் சென்னைக்கு அனுப்புமுன் சரிபார்க்க எல்லோர் முன்னும் பிரித்தார்கள். நர்ஸ் லின்சியின் சான்றிதழ்கள் இருந்தன. பாஸ்போர்ட் இல்லை. அதே அளவில் ஓர் அட்டைத் துண்டு இருந்தது. பாஸ்போர்ட் அன்றே சென்னைக்குப் போகாவிட்டால் அவளுடைய மஸ்கட் வேலை கைநழுவிவிடும்.

பார்சலை அப்போதுதான் கொண்டுவந்து வைத்திருந்தவன் ஆம்னி வேன் ஓட்டும் கிளமென்ட். அரை மணியில் அவன் போலீஸ் ஸ்டேஷனில் நின்றான்.

புதிதாக மாற்றலாகி வந்த ஏட்டு கோவிந்தராசு, சுவர் வரைபடத்தில் ஸ்கேலை வைத்தார்.

"அக்கரையில இருக்குற லின்சி வீட்டுலேர்ந்து ஆபீசுக்கு ஆறு கிலோமீட்டர். பத்துக்குக் கிளம்பி பதினொண்ணுக்கு வந்திருக்கே. மாட்டு வண்டியா ஓட்டுனே? நடுவுல நிறுத்தி, பிரிச்சு, திரும்பத் தைச்சிருக்கே!"

"இல்லைங்கய்யா. எங்கயும் நிக்கல. பாலம் வரைக்கும் போயி சுத்தித்தான் வந்தேன்."

"எவ்வளவு சுத்து?"

கிளமென்ட் வரைபடத்தில் பாலத்தைத் தேடினான்; பதற்றத்தில் இடம் பிடிபடவில்லை.

மதியம் இரண்டு மணி. தகவல் கேட்டு லின்சியும் அண்ணன் ஜோசப்ராஜும் வந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் விண்ணரசி விசாரித்தார்.

"பார்சலைத் தைச்சது யாரு?"

"அண்ணன்தாங்க. நான் குளிக்கப் போயிருந்தேன்," என்றாள் லின்சி.

"வேன் கிளம்புறப்ப நீ பாத்தியா?"

"பாத்தேன். வாடகைக் கணக்குக்காக, ஓடுற தூரம் காட்டுற மீட்டரைத் திருகி சைபர்ல வச்சுக் காட்டினாரு."

விண்ணரசி விடுவிடுவென்று ஆபீசுக்கு நடந்தார். வேன் நிறுத்திய இடத்திலேயே நின்றது. மீட்டர் முப்பது கிலோமீட்டர் காட்டியது.

திரும்பி வந்து சொன்னார்: "ஏட்டய்யா, உங்க கணக்கு தப்பில்ல. கிளம்பின இடத்துக்கும் சேந்த இடத்துக்கும் நேர்கோட்டுல ஆறு கிலோமீட்டர். அதை நேரத்தால வகுத்தா வர்றது சராசரி திசைவேகம். ஆனா வேன் என்ன ஆத்து மேல பறந்தா வந்துச்சு? ஓடின பாதை முப்பது. சராசரி வேகம் மணிக்கு முப்பது. வழியில நின்னானான்னு கேட்டா இந்தக் கணக்குதான் பதில் சொல்லும். அறுவடை வண்டி மறிக்கிற அந்தக் குண்டுங்குழி ரோட்டுல முப்பதே அதிகம். இதுல அரை மணி உக்காந்து தையல் போட நேரமேது? தையல் வழியில பிரியல. பாஸ்போர்ட் உள்ளே போகவே இல்லை."

அவர் ஜோசப்ராஜ் பக்கம் திரும்பினார்.

"தைச்சது நீங்க. வீட்ல வச்சா தங்கச்சி தேடி எடுத்துடும். சட்டைக்குள்ளதானே இருக்கு?"

ஜோசப்ராஜ் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். பாஸ்போர்ட் மேசைக்கு வந்தது.

"எனக்கு மூணு தடவை விசா கிடைக்கல. இவளும் போயிட்டா, அந்த வீட்ல நான் மட்டும் என்ன பண்ணுவேன்..."

லின்சி அண்ணனைப் பார்க்கவில்லை. நேரே கிளமென்டிடம் வந்தாள்.

"மன்னிச்சிருங்கண்ணே. மூணரை ரயிலைப் பிடிச்சு நானே சென்னைக்குக் கொண்டுபோறேன். ஸ்டேஷனுக்கு உங்க வண்டியிலதான் போகணும்."

கிளமென்ட் தலையாட்டிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

வாசலில் வெயிலில் நின்றிருந்த அவன் மனைவி எல்சி உள்ளே வந்தாள். விண்ணரசியின் கையைப் பிடித்துத் தன் இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.