ஆன்றோ முகம்

ஆன்றோவின் பத்து விரல்களுக்கும் அந்த வீட்டில் ஒரு வேலையும் கிடையாது. மரச்சீனிக் கிழங்கு உரிக்கக் கூடாது, தேங்காய் துருவக் கூடாது, துடைப்பத்தைத் தொடக் கூடாது. காலையில் எழுந்ததும் வெந்நீரில் கை கழுவி, எண்ணெய் தடவி, பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டுதான் அவர் சாயா குடிப்பார். பதினொரு வருஷமாக இதே நடைமுறை. சாயா போடுவது மனைவி அபிஷா.

"பெத்த தள்ளைகூட உங்கள இப்பிடிப் பாத்திருக்க மாட்டா" என்று கிளாசை வைத்தாள்.

"தள்ளைக்கு எனக்க விரலுக்க வெல தெரியாதுல்லா?"

"ஒரு நாளும் மண்வெட்டி பிடிக்காத விரலு. அதுக்குத்தான் இந்தக் காலத்துல யோகம்."

ஆன்றோ சிரித்தார். இளவயதில் கல்யாண பாண்டு செட்டில் கிளாரினெட் ஊதியவர். அதற்கு மேல் உடம்பு வளைந்து அவர் எதுவும் செய்ததில்லை. அபிஷா அதைத் தினமும் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவாள். சொல்லிவிட்டு அவருக்கு இரண்டாவது சாயாவும் போட்டுக் கொடுப்பாள்.

அது இரண்டாயிரத்து அறுபதுகள், எல்லா வீட்டிலும் அச்சுப்பொறி வந்துவிட்ட காலம். செருப்பு, நாற்காலி, கல்யாணப் பட்டு, அந்தோணியார் சொரூபம், எதை வேண்டுமானாலும் வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளலாம். ஒரு பிசிறு இருக்காது. பிசிறில்லாத பொருள் ஊரெல்லாம் குவிந்ததும் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மனிதக் கை பட்டது எதுவோ அதற்கு மட்டும்தான் விலை என்று ஆகிவிட்டது. கை பட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்காகத்தான் தொடுதோல் வந்தது. பொம்மை மாதிரிப் பொருள்களின் மேல்பூச்சுக்கு அடியில் ஒரு மெல்லிய படலம். தொடுகிற விரலின் ரேகையை அது பிடித்து வைத்துக்கொள்ளும். படிப்பான் என்கிற ரீடரைக் காட்டினால் யார் கை, எந்தத் தேதி என்று சொல்லிவிடும்.

ஆம்பல் கம்பெனியின் லிமிடெட் எடிஷன் பொம்மைகளுக்குத்தான் கிராக்கி அதிகம். ஒரு வரிசைக்கு இருநூற்றைம்பது உருப்படி, உள்ளங்காலில் எண். வாங்குகிறவர்கள் கம்பெனி முகத்தை வைத்துக்கொள்வதில்லை. பெயர் பெற்ற ஒரு முகக்காரரிடம் கொடுத்துப் பழைய சாயத்தை அழித்துப் புதுமுகம் எழுதச் சொல்வார்கள். முகக்காரரின் ரேகை ஒன்று மட்டும் பதிந்திருந்தால் மறுவிற்பனையில் விலை ஏழு மடங்கு, எட்டு மடங்கு. வேறு ஒரு விரல் பட்டால் பாதி போய்விடும். அதனால் சொந்தக்காரர்களே கையுறை போட்டுத்தான் பொம்மையைத் தூக்கினார்கள்.

முகக்காரர்களில் 'ஆன்றோ முகம்' என்றால் தனி மதிப்பு. கன்னத்துச் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. சேகரிப்பாளர்கள் கூட்டத்தில் அவரை மேடையேற்றிச் சால்வை போர்த்துவார்கள். "கலை மனசுல இருந்து வரணும்" என்று ஒரே ஒரு வரி பேசிவிட்டு ஆன்றோ உட்கார்ந்துவிடுவார். எவ்வளவு அடக்கம் என்பார்கள். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அபிஷாவுக்குத்தான் தெரியும். ஏனென்றால் அவர் பெயரில் இதுவரை வந்த நாற்பத்தொரு முகங்களையும் எழுதியவள் அவள்.

பதினேழு வயதில் அவள் அண்டி ஆபீசுக்குப் போனாள். கருங்கல் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு அப்படித்தான் பெயர். சுட்ட கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். எண்ணெய் ஒட்டாமலிருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு இருபத்திரண்டு வருஷம் உடைத்தாள். ஆலை மூடியபோது அவள் விரல் நுனிகள் கூழாங்கல் மாதிரி வழவழத்துக் கிடந்தன. விரல் வைக்கச் சொன்ன எந்தக் கருவியும் அவளை ஒத்துக்கொண்டதில்லை. அதன் பிறகு கோவிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு, மூக்கு உடைந்த இடையர்களுக்கும் ஞானிகளுக்கும் முகம் பூசிக் கொடுத்தாள். அந்த முகங்களைப் பார்த்த ஒருவர் பொம்மை கொண்டுவந்தார். அப்படித்தான் ஆரம்பம்.

அவள் தூரிகையால் கன்னம் எழுதுவதில்லை. சாயப்பொடியை விரல் நுனியில் எடுத்து, மூச்சு விடுகிற அழுத்தத்தில் தேய்ப்பாள். ரேகை உள்ள விரலால் தேய்த்தால் சாயத்தில் வரி விழும். இவள் விரலில் வரி இல்லை, கன்னத்திலும் விழாது. அந்த முகத்தின் ரகசியம் அவ்வளவுதான். வினை என்னவென்றால், தொடுதோலுக்கும் அவள் விரல் தெரியாது. எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் படிப்பான் "கை இல்லை" என்றே சொல்லும். கை இல்லையென்றால் இயந்திரம் செய்தது என்று அர்த்தம். இயந்திரம் செய்ததற்குக் குப்பை விலை. அதனால் முகம் முடிந்ததும் ஆன்றோ கையுறையைக் கழற்றி, பொம்மையின் உள்ளங்காலில் கட்டைவிரலை ஒரு தடவை அழுத்துவார். பதினொரு வருஷத்தில் அவர் செய்த கலை அது ஒன்றுதான்.

இந்த வருஷம் ரேகைச்சான்று வாரியம் விதியை மாற்றியது. இனி விரல் பதிப்பது அதிகாரியின் கண் முன்னால்தான் நடக்க வேண்டும். பதியாவிட்டால் முகக்காரர் உரிமம் போய்விடும். உரிமம் போனால் எண் போட்ட பொம்மையை அபிஷா மேசையில் வைக்கவே முடியாது. ஐம்பத்து நான்கு வயதில் அவளுக்கு வேறு வேலை தெரியாது என்பதல்ல. எத்தனையோ வேலை தெரியும். ஆசைப்பட்டுச் செய்த வேலை இது ஒன்றுதான்.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தாள். இழையினி என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது. கூடவே அன்றைக்குச் சான்று வாங்க வேண்டிய பொம்மையின் சொந்தக்காரர் ததேயுஸ். குளச்சலில் கப்பல் ஏஜென்ட், வீட்டில் நாற்பது பொம்மைகளைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கிறவர்.

"மாஸ்டரே, கை சுகமா?" என்று கறவை மாட்டின் மடியை விசாரிப்பதுபோல் விசாரித்தார்.

"ஆண்டவர் கிருபை" என்று ஆன்றோ கையை மடியில் வைத்துக்கொண்டார்.

எண்பத்தெட்டாம் எண் பொம்மை வெல்வெட் துணியில் கிடந்தது. உச்சிவெயிலில் கரையில் நின்று, வள்ளம் வருகிறதா என்று பார்க்கும் பெண். வெயிலில் கறுத்த நெற்றி. கோபமும் நிம்மதியும் ஒன்றாகக் கலந்த வாய். கன்னத்தில் மட்டும் ரத்தம் ஓடுவதுபோல ஒரு சிவப்பு. இழையினி குனிந்தவள் நிமிர வெகுநேரம் ஆனது.

"இந்தச் சிவப்பை எப்படி சார் கொண்டுவர்றீங்க?"

"கலை மனசுல இருந்து வரணும்" என்றார் ஆன்றோ.

அபிஷா அடுக்களைப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள்.

"சரி, விரல வைங்க சார்."

ஆன்றோ கையுறையைக் கழற்றுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். கட்டைவிரலை உள்ளங்காலில் அழுத்தினார். இழையினி படிப்பானைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. கை இல்லை. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். கை இல்லை. இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சுண்டு விரல் வரை போனார்கள். பத்துக்கும் ஒரே பதில்.

"மாஸ்டரே, வெளயாடுதீரா?" ததேயுஸின் குரல் ஏறியது.

இழையினி அவர் கையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அபிஷா அதைப் பிடுங்கிக்கொண்டாள். விரல் நுனிகள் இளஞ்சிவப்பாக, பளபளவென்று இருந்தன. அந்தத் தோல் யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷம் தினம் தன் கையில் பார்த்த தோல்.

"என்னத்த செய்து தொலச்சீங்க?"

ஆன்றோ மூலையில் இருந்த அழிப்புப் பெட்டியைப் பார்த்தார். பொம்மையை உள்ளே வைத்தால் பழைய சாயத்தைத் தின்றுவிடும் என்று சொல்லி, போன வருஷம் அவரே பழைய சாமான் கடையில் வாங்கி வந்தது.

"அந்தச் சவம் வந்த மாசமே செத்துப்போச்சு."

"அப்ப இத்தன நாளும் கடகடன்னு ஓடுச்சே?"

"மோட்டாரு மட்டும் ஓடும். நான் ஓட விட்டிட்டு, கொல்லப்பக்கம் போயிருந்து சாயம் அழிக்கித தண்ணியில துணிய நனச்சுத் தொடப்பேன்."

"வெறுங்கையாலயா? கையுறை எங்க போச்சு?"

"ரப்பர் அந்தத் தண்ணியில உருகுது பிள்ளே. உருகிப் பொம்மைக்க மூக்குல ஒட்டுது. நீ வையமாட்டியா?"

அபிஷா அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். அவர் விட்டு விட்டுச் சொன்னார். "போன வருஷம் நீதான் தொடச்சுக்கிட்டு இருந்த. கையெல்லாம் வெடிச்சு... மீன்கறி எரியுதுன்னு கரண்டி வச்சுத் தின்ன. நாலு நாளு. நான் எதிர்ல இருந்து உருட்டி உருட்டி முழுங்கிட்டு இருக்கேன். எண்ணெ தடவுன கை வச்சு." அவர் நிறுத்தினார். "முந்துன பொம்மைக்கு மூணாவது அமுக்குலதான் பதிஞ்சுது. இதுவும் பதிஞ்சிரும்னு நெனச்சேன்."

பகல் முழுக்கக் கையுறையோடு திரிந்த மனிதர். ராஜா என்று கேலி செய்துகொண்டே அவருக்கு எண்ணெய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தவள் அவள். பொம்மைகளின் காது மடிப்பு எப்படி இவ்வளவு சுத்தமாக வருகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். உழைக்காதவர் ஒரு வழியாக உழைத்திருக்கிறார், அதுவும் இந்தக் காலத்தில்.

இழையினிக்கு இரண்டும் இரண்டும் நான்கு என்று கூட்டத் தெரிந்திருந்தது. "தொடைச்சது சார்னா, முகம்?"

அபிஷா முந்தானையில் கையைத் துடைத்தாள். போய் வெல்வெட்டில் கிடந்த பொம்மையின் கன்னத்தில் வெறும் விரலை வைத்தாள்.

"தொடாத! வெல போச்சு!" என்று ததேயுஸ் எழுந்தேவிட்டார்.

"இருங்கண்ணே. எனக்க கை பட்டா கொறயாது. பதினொரு வருஷமா பட்டுக்கிட்டுதான் இருக்கு. பாரு மோளே."

இழையினி படிப்பானைக் காட்டினாள். கை இல்லை. அவள் அந்த வழவழத்த விரலையும் வரி விழாத கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கதானாம்மா?"

"நான்தான்."

"அப்ப உள்ளத எழுத வேண்டியதுதான?" என்றார் ததேயுஸ். "இந்தப் பொம்பளைக்க கைன்னு எழுதும்."

"முடியாது சார். ஃபாரத்துல ரெண்டே கட்டம்தான். மனிதக் கை, இயந்திரம். மனிதக் கைன்னா ரேகை வேணும்." இழையினி குரலைத் தாழ்த்தினாள். "இன்னொருத்தர் செஞ்சதுக்கு இவர் ரேகை வச்சார்னு எழுதினா மோசடி. நாற்பத்தொரு பொம்மையையும் திரும்ப எடுப்பாங்க. சார் ஜெயிலுக்குப் போகணும். இயந்திரம்னு எழுதினா இந்த ஒரு பொம்மையோட முடிஞ்சிரும். இதுக்கு விலை கிடையாது, உங்களுக்கு உரிமம் கிடையாது. எண் போட்டதை இனிமே தொட முடியாது. எண் போடாததை யாரும் கேட்க மாட்டாங்க. நீங்களே சொல்லுங்கம்மா, எதை எழுதட்டும்?"

"உள்ளத எழுது மோளே" என்று ஆன்றோ எழுந்தார். "நான் போறேன் ஜெயிலுக்கு. அவ பேரு ஒரு தடவ எழுத்துல வரட்டு."

"உக்காருங்க" என்றாள் அபிஷா. "அங்க உங்களுக்கு ஆரு சாயா போட்டுத் தருவா?"

ததேயுஸ் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கையுறையைக் கழற்றினார், மற்றதையும் கழற்றினார். விலை இல்லாத பொருளுக்குக் கையுறை எதற்கு? நாற்பது பொம்மை வைத்திருக்கிற மனிதர், வெறுங்கையால் ஒன்றைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் விரல் வைத்தார், எடுக்க மனமில்லாமல் வைத்திருந்தார். "சூடா இருக்கும்னுல்லா நெனச்சேன்" என்று முணுமுணுத்தார். நஷ்டத்தைப் பற்றி வாசல் வரை புலம்பினார்தான். ஆனால் பொம்மையை, கொண்டுவந்திருந்த இரும்புப் பெட்டியில் வைக்கவில்லை, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார். பெட்டியையும் விட்டுவைக்கவில்லை. அது விலையுள்ள பெட்டி.

இழையினி கண்ணாடிப் பலகையில் ஃபாரத்தைத் திறந்தாள்.

"எழுது" என்றாள் அபிஷா. "இயந்திரம்."

இழையினி தொட்டாள். கீழே புதிதாகச் சில கட்டங்கள் விரிந்தன. அவற்றைக் காலியாக விட முடியாது.

"இயந்திரத்தின் பெயர் கேக்குதும்மா."

அபிஷா ஆன்றோவின் வெந்த கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு கையும் ஒன்றுபோல வழுக்கின.

"அபிஷா."

இழையினியின் விரல் பலகைக்கு மேல் நின்றது. பிறகு எழுதியது.

"தயாரித்த ஆண்டு?"

"ரெண்டாயிரத்து ஏழு."

"தயாரித்த இடம்?"

"கருங்கல்."

"உரிமையாளர்?"

ஆன்றோ தொண்டையைச் செருமினார். அபிஷா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"இல்லைன்னு போடு மோளே" என்றார் அவர் அவசரமாக. "அது ஆரு சொன்னாலும் கேக்காது."

இழையினி சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிக் கட்டத்துக்கு வந்தாள்.

"இயந்திரம் இப்ப இயங்குதான்னு கேக்குது."

"ஓடிட்டுதான் கெடக்கு" என்றாள் அபிஷா.